பகானில் ஒரு தமிழ்க் கல்வெட்டு

காளையார்கோவிலை அடுத்துள்ள செட்டிநாட்டு ஊர்களின் பெருவீடுகளில் பர்மாத் தேக்கில் இழைத்த தூண்கள் இன்றும் நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் வட்டித்தொழிலின் பொருட்டுக் கடல்கடந்த நகரத்தார் ஈட்டிய செல்வத்தின் அடையாளம் அவை. அத்தேக்கு விளைந்த நாட்டைக் காணச் செல்வோர், பழைய இரங்கூனாகிய யாங்கோனில் பொன்வேய்ந்த சுவேதகோன் தாதுகோபத்தை வணங்கி, வடக்கே ஐராவதிக் கரையிலுள்ள பகானை அடைவர். 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை பேரரசின் தலைநகராய்ச் சிறந்த அவ்வூரில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பௌத்தக் கோயில்களும் தாதுகோபங்களும் எஞ்சியுள்ளன. அவற்றைக் கண்டு முடிக்க மூன்று நாளும் போதா.

தமிழர் அங்குத் தேடிக் காணத்தக்கது ஒரு கல்வெட்டு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது வடமொழிச் செய்யுளில் தொடங்கித் தமிழில் தொடர்கிறது. பகானைப் ‘புக்கம்’ எனச் சுட்டுகிறது. மலைமண்டலத்து மகோதயர் பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பார், அவ்வூரின் நானாதேசி விண்ணகருக்கு மண்டபமும் கதவும் நிலைவிளக்கும் அளித்த செய்தியை அது கூறுகிறது. மகோதயர் பட்டினம் இன்றைய கொடுங்கல்லூர். விண்ணகர் என்பது திருமால் கோயில். நானாதேசிகள் பல நாடுகளுக்கும் சென்று வணிகம் செய்த குழுவினர். புத்தரைப் போற்றிய தலைநகரில் அயல்நாட்டு வணிகரின் திருமாலுக்கும் இடமிருந்தது.

அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்வந்த நகரத்தாரும் சென்ற ஊர்களில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தனர். 1942இல் சப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி இந்தியர் பலர் மலையும் காடும் கடந்து கால்நடையாகவே தாயகம் திரும்பினர். கோயில்கள் அங்கேயே நின்றன.