எலும்பு முறிந்தபின் ஊனச் சான்றிதழுக்கு
மாவுக்கட்டைப் பிரித்ததும் சான்றிதழுக்கு ஓடாதீர்கள். எலும்பு கூடி, பிசியோதெரபியும் முடிந்து, இனி பெரிய முன்னேற்றம் இல்லை என்ற நிலையில்தான் நிரந்தர ஊனத்தை அளக்க முடியும். குமரி மாவட்டத்தில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார் எல்லாம் கையில் இருக்கட்டும். மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, கால் எவ்வளவு குட்டை, தசைக்கு வலு உண்டா என்று பார்ப்பார்கள். வலியைப் பல்லைக் கடித்து மறைக்க வேண்டாம். ஊனம் 40 சதவீதமாவது இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள்.

விபத்து இழப்பீடு வேறு கணக்கு. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவருக்கு மணிக்கட்டு திரும்பாவிட்டால் பிழைப்பே போய்விடும். உறுப்பின் ஊன சதவீதத்தையே வருமான இழப்பாக எடுக்கக் கூடாது, தொழிலையும் பார்க்க வேண்டும் என்று ராஜ்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. உங்கள் வேலையின் ஒவ்வொரு அசைவையும் வக்கீலிடம் விவரமாகச் சொல்லுங்கள்.