தடைசெய்த நிலத்தருகே விழுந்த பந்து

தேனியிலோ கம்பத்திலோ இருந்துகொண்டு கோல்ஃப் ஆட ஆசைப்படுகிறவருக்கு மலையேறுவதே மார்க்கம். போடிமெட்டைக் கடந்து மூணாற்றின் ஹைரேஞ்ச் கிளப்பை நாடலாம். அல்லது பெரியகுளத்தில் நின்று வடக்கே நிமிர்ந்தால் சுவர்போல் எழுந்து தோன்றும் பழனி மலைகளின் மேலே, 1895-இல் தோன்றிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பின் 18 குழி மைதானத்தை அடையலாம். சோலையும் புல்வெளியும் அண்டையிலேயே இருக்க, காட்டெருமைகள் பட்டப்பகலில் மேய்ந்து திரியும் அத்தகைய மைதானத்தில், அடித்த பந்து கால் வைக்கலாகாத இடத்தருகே போய்விடுமானால் பந்தை வேறிடத்தில் விட்டு ஆட விதிகள் தரும் நிவாரணங்களில் எதைக் கொள்வது என்பதே இங்கு விசாரிக்கத்தக்கது.

தடை என்பது கம்பம் பள்ளத்தாக்கினருக்குப் புதிதன்று. யானை நடமாட்டம் என்று வனத்துறை சுருளி அருவியை அடைத்துவிட்டால் வாயிலில் நின்று பேரம் பேசுவார் எவருமில்லை. ஆனால் கோல்ஃபில் ஆடத் தடைசெய்த பகுதிகள் எல்லாம் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை அல்ல. போட்டிக் குழு அந்நிலத்தை எந்த வகையில் சேர்த்திருக்கிறது என்பதைப் பொறுத்தே ஆட்டக்காரரின் நஷ்டம் அமைகிறது. ஆதலால் முதலாவது அடிக்கு முன்பே அறிவிப்புப் பலகையைப் படித்துவிடுவது உத்தமம்.

சீரமைப்பு நிலமாக அறிவித்துத் தடை செய்திருந்தால் நிவாரணம் இலவசம், ஆனால் கட்டாயம். சாதாரணச் சீரமைப்பு நிலத்தில் பந்து கிடந்தபடியே ஆடும் சுதந்திரம் உண்டு. இங்கே அது இல்லை. பந்து வெளியே கிடந்தாலும், நிற்கும் கால் தடைக்குள் படுமானால், அல்லது மட்டையின் வீச்சு அதற்குள் செல்லுமானால், அப்போதும் கிடந்தபடி ஆடலாகாது. முழு நிவாரணம் கிடைக்கும் மிக அருகான புள்ளியைக் கண்டு, குழிக்கு நெருங்காமல் ஒரு மட்டை நீளத்துக்குள், முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விட வேண்டும். அப்புள்ளி மிக அருகானதே ஒழிய மிக வசதியானது என்று எந்த விதியும் சொல்லவில்லை. முட்புதருக்குள் அது அமைந்துவிட்டால், இலவசமாகப் பந்தை விட்ட கையோடு, ஆட இயலாப் பந்து என்று ஓர் அபராத அடியும் கொடுத்து வெளியேற நேரும்.

அதே நிலம், சிவப்பு அல்லது மஞ்சள் கம்பால் குறிக்கும் அபராதப் பகுதிக்குள் இருந்து, பந்தும் அத்தடைக்குள்ளேயே கிடந்தால் ஓர் அடி தப்பாது. அதற்கு ஈடாகத் தேர்வு கிடைக்கிறது. வழக்கமாகச் சிவப்புக் கம்பின் தலையில் பச்சை பூசி இத்தடையைக் காட்டுவார்கள்; அப்போது வழிகள் மூன்று. முன்பு அடித்த இடத்துக்கே திரும்பலாம். குழியையும், பந்து எல்லையைக் கடைசியாகக் கடந்த புள்ளியையும் சேர்க்கும் கோட்டில் வேண்டிய தூரம் பின்னே செல்லலாம். அல்லது அப்புள்ளியிலிருந்து பக்கவாட்டில் இரண்டு மட்டை நீளத்துக்குள் விடலாம். மஞ்சள் கம்பானால் இந்த மூன்றாவது இல்லை. பெரும்பாலோர் யோசியாமல் பக்கவாட்டையே பற்றிக்கொள்கிறார்கள். சமவெளியில் அது சரியே. மலைச்சரிவிலோ, இரண்டு மட்டை நீளம் என்பது பெரும்பாலும் ஒரு கால் மேட்டிலும் மறு கால் பள்ளத்திலும் நிற்கும் இடமாக முடிவதால், இருபது முப்பது கஜம் பின்வாங்கிச் சமநிலம் தேடுவதே விவேகம் என்பது என் அபிப்பிராயம். 2023-ஆம் ஆண்டின் விதிகளும் இதற்கு அனுகூலமானவை: கோட்டின் மேல் விழுந்த பந்து, விழுந்த இடத்திலிருந்து எத்திசையில் ஒரு மட்டை நீளத்துக்குள் உருண்டு நின்றாலும் செல்லும். இரண்டு தடவையும் அதற்கப்பால் உருண்டோடிவிட்டால், இரண்டாம் முறை தரையைத் தொட்ட இடத்தில் கையாலேயே வைத்துவிடலாம். உள்ளே போன பந்தைத் தேடி எடுக்க வேண்டியதுமில்லை. வேறு பந்து போதும்.

வெள்ளைக் கம்பு நட்டு எல்லைக்கு வெளியே என்று விலக்கியிருந்தால் தேர்வுக்கு இடமே இல்லை: ஓர் அடி அபராதம், பழைய இடத்திலிருந்து மறுபடியும் அடி. சந்தேகம் தோன்றியவுடனேயே தற்காலிகப் பந்து ஒன்றை அடித்து வைப்பவர் நடையை மிச்சம் பிடிக்கிறார்.

காட்டெருமை வந்து நிற்குமானால் விஷயம் வேறு. அபாயகரமான பிராணி அருகே நின்றால், அபாயமற்ற மிக அருகான புள்ளிக்கு இலவசமாகவே விலகலாம். ஆயினும் விதியை வகுத்தவர்கள் சாமர்த்தியசாலிகள்: பந்து உண்ணிச்செடிப் புதருக்குள் எவராலும் அடிக்க இயலாதபடி சிக்கிக் கிடக்கையில், பக்கத்தில் எருமை நிற்கிறதென்ற காரணம் காட்டி இலவச நிவாரணம் கேட்க முடியாது. அது விட்டுப்போன சாணம் உதிரித் தடையாகவே கருதப்படும். அபராதமின்றி அகற்றலாம், ஆனால் அகற்றுகையில் பந்து அசைந்தால், கிரீனிலும் முதல் அடி தொடங்கும் பகுதியிலும் அன்றி வேறிடத்தில் ஓர் அடி போய்விடும். கிரீனில் பதிந்த குளம்புத் தடத்தைச் சமன்செய்ய அனுமதி உண்டு. வெளியே பதிந்த தடத்துக்கு, மைதானத்தின் உள்ளூர் விதி இடங்கொடுத்தாலன்றிச் சலுகை கிடையாது.