சுமந்து சென்றவருக்கும் நன்மையில் பங்கு உண்டு



சென்ற வாரம் ஜும்ஆ முடிந்ததும் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். இரத்த தான முகாமுக்குப் போனவரை, ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "ஹஜ்ரத், ஓர் உயிரைக் காக்கும் நன்மை எனக்கு நஸீபில் இல்லையா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஸஹீஹுல் புகாரியில் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று, பிறர் பொருளைப் பாதுகாக்கும் கருவூலக் காப்பாளரைப் பற்றியது. அவர் தமக்கு இடப்பட்ட கட்டளையைக் குறைவின்றி, மனமுவந்து நிறைவேற்றி, உரியவரிடமே ஒப்படைத்தால் அவரும் தர்மம் செய்தவராவார் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். பொருள் அவருடையதல்ல, ஆனாலும் நன்மையில் பங்கு உண்டு. நிபந்தனைகள் மூன்று.

இம்மூன்றையும் கண்ணால் காண பிரிட்டனின் 'ப்ளட் பைக்' தன்னார்வலர்களைப் பாருங்கள். 1962-இல் சர்ரே பகுதியில் தொடங்கிய சேவை இது. இரத்தம், மருந்து, பரிசோதனை மாதிரிகள் ஆகியவற்றை இரவிலும் வார இறுதியிலும் மோட்டார் சைக்கிளில் மருத்துவமனைகளுக்குக் கொண்டு சேர்க்கிறார்கள்.

முதலாவது, குறைவின்றி. சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். உறைந்தால் அணுக்கள் உடைந்துவிடும். தட்டணுக்களுக்கோ 20 முதல் 24 டிகிரி தேவை. ஆகவே அந்தந்தப் பொருளுக்கு உரிய பெட்டியில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். பெட்டியின் பக்குவம் கெட்டால் அமானிதம் கெட்டது.

இரண்டாவது, மனமுவந்து. அவர்கள் மருத்துவமனையிடம் கூலி வாங்குவதில்லை. நன்கொடையால் சேவை நடக்கிறது. நோயாளியின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. நன்றி சொல்லவும் அங்கே ஆள் இல்லை.

மூன்றாவது, உரியவரிடம். மாற்று வகை இரத்தம் ஏற்றினால் உயிரே போகலாம். எனவே குறித்த இடத்தில், பொறுப்பானவரிடம்தான் பெட்டியை ஒப்படைக்க வேண்டும்.

இளைஞர்களே, ஒன்றைக் கவனியுங்கள்! பொதுவாக இவர்கள் வேகவரம்பை மீறாமல், சிக்னலில் நின்றுதான் போகிறார்கள். உயிர் காக்கப் போகிறேன் என்பது, சாலையில் நடந்து போகும் இன்னோர் உயிரை ஆபத்தில் தள்ளுவதற்கு அனுமதி ஆகாது.

நம் ஊர்களிலும் நோயாளியின் உறவினரை அனுப்பி இரத்த வங்கியிலிருந்து பையை வாங்கி வரச் சொல்வது உண்டு. அந்த வேலை உங்களிடம் வந்தால் சீட்டிலுள்ள பெயரையும் இரத்த வகையையும் சரிபாருங்கள். குளிர்ப்பெட்டி கேட்டு வாங்குங்கள். பையை நேராக ஐஸ்கட்டி மேல் வைக்காதீர்கள். வெயிலில் வண்டியில் தொங்கவிட்டு டீக்கடையில் நிற்காதீர்கள். நேராகப் போய் வார்டில் ஒப்படையுங்கள். அந்தப் பை யாரோ ஒருவர் அல்லாஹ்வுக்காகக் கொடுத்த தர்மமாக இருக்கலாம். அதை வீணாக்கும் உரிமை நமக்கு இல்லை.

அந்த இளைஞரிடம் சொன்னேன்: "தம்பி, முதலில் மருத்துவரைப் பார்த்து உங்கள் உடலைத் தேற்றுங்கள், அதுவும் அமானிதம். அதுவரை உங்களிடம் ஒரு பைக் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, நிதானம் இருக்கிறது. கொடுப்பவராக முடியாவிட்டால் சேர்ப்பவராக இருங்கள்."

அமானிதத்தைப் பேணி, சுமந்து சென்றவர்களின் நன்மையிலும் பங்குபெறும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.