கூலிங் டவர் விசிறியின் பேரிங்: சில நம்பிக்கைகளும் சில உண்மைகளும்

ஆலைப் பேச்சில் கூலிங் டவர் என்று வழங்கும் குளிர்விப்புக் கோபுரத்தில் வெந்நீர் மேலிருந்து தெளிக்கப்பட்டு அடுக்கடுக்கான தகடுகளின் வழியே வடிந்து இறங்க, உச்சியில் உள்ள விசிறி கீழிருந்து காற்றை உறிஞ்சி மேலே இழுக்கிறது. நீரின் ஒரு சிறு பங்கு ஆவியாகி, எஞ்சிய நீரின் வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோகிறது. விசிறியைத் தாங்கும் பேரிங் இந்த ஏற்பாட்டில் இருக்கும் இடம், ஈரம் முழுமையாகச் செறிந்த வெதுவெதுப்பான காற்று வெளியேறும் வாய். அக்காற்றோடு நுண்ணிய நீர்த்துளிகளும் ஏறிவருகின்றன; ஆவியாதலால் அடர்ந்த உப்புகளும், பாசியைக் கொல்லக் கலக்கும் குளோரினும் அத்துளிகளில் உள்ளன. சிறிய கோபுரங்களில் மோட்டாரின் தண்டிலேயே விசிறி பொருத்தப்படுகிறது, அல்லது பெல்ட் வழியே சுழற்றப்பட்டு பிளம்மர் பிளாக் எனப்படும் வார்ப்பிரும்புப் பேரிங் கூடுகளில் தாங்கப்படுகிறது. பெரிய கோபுரங்களில் மோட்டார் வெளியே இருக்க, நீண்ட இணைப்புத் தண்டு ஒன்று நடுவில் உள்ள கியர்பாக்ஸைச் சுழற்றுகிறது. எந்த வகையானாலும் பேரிங் தேர்வு பற்றி ஆலைகளில் நிலவும் நம்பிக்கைகளில் பெரும்பாலானவை உலர்ந்த பம்ப் அறையில் கற்றவை. கோபுர உச்சியில் அவை செல்லுபடியாவதில்லை.

நம்பிக்கை: பெரிய பேரிங் போட்டால் நீண்ட நாள் உழைக்கும்

இந்த நம்பிக்கைக்கு ஒரு கணக்கு ஆதாரமாக இருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த லுண்ட்பெர்க், பால்ம்கிரென் ஆகியோர் 1947இல் வெளியிட்ட கோட்பாட்டிலிருந்து வளர்ந்து, இன்று ஐஎஸ்ஓ 281 என்ற தரநிலையில் இடம்பெற்றுள்ள அந்தக் கணக்கின்படி, பேரிங்கின் சுமைத்திறனை அதன்மீது விழும் சுமையால் வகுத்து, குண்டு பேரிங்காக இருந்தால் மூன்றாம் அடுக்குக்கும், உருளை பேரிங்காக இருந்தால் 10/3 அடுக்குக்கும் உயர்த்தினால் ஆயுள் கிடைக்கும். சுமை பாதியானால் ஆயுள் குண்டு பேரிங்கில் 8 மடங்கும் உருளை பேரிங்கில் ஏறத்தாழ 10 மடங்கும் ஆகிறது என்பதால், ஓர் அளவு பெரியதை வாங்கினால் போதும் என்று தோன்றுவது இயல்பே.

ஆனால் இந்த ஆயுள் எதைக் குறிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். எல்10 எனப்படும் இந்த அளவு, ஒரே மாதிரியான 100 பேரிங்குகளை ஒரே நிலையில் ஓட்டினால் 90 தாண்டிவிடும் காலத்தைச் சொல்கிறது; 1 லட்சம் மணி, அதாவது இடைவிடாத ஓட்டத்தில் 11 ஆண்டுகளுக்குச் சற்று மேல் என்று பட்டியலில் அச்சாகியிருந்தால், பத்து பேரிங்குகள் அதற்கு முன்பே போகும் என்பதும் அதே எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. மேலும், அடிப்படைக் கணக்கு கருத்தில் கொள்ளும் சாவு ஒன்றே ஒன்று: உலோகச் சோர்வு, அதாவது திரும்பத் திரும்ப அழுத்தப்பட்டு ஓடுபாதையின் அடியில் விரிசல் பிறந்து மேற்பரப்பு செதிலாகப் பெயர்தல். துருவும் உப்பும் காய்ந்த கிரீஸும் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. கோபுர உச்சியிலோ பேரிங்கை அழிப்பவை பெரும்பாலும் அவைதாம்.

பெரிய பேரிங்குக்கு வேறொரு சிக்கலும் உண்டு. உருளைகள் வழுக்காமல் உருள ஒரு குறைந்தபட்சச் சுமை வேண்டும். உருளை பேரிங்குகளுக்கு அவற்றின் சுமைத்திறனில் சுமார் 2 விழுக்காடு, குண்டு பேரிங்குகளுக்கு சுமார் 1 விழுக்காடு என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. 240 கிலோநியூட்டன் திறனுள்ள உருளை பேரிங்குக்கு இது ஏறத்தாழ 490 கிலோ எடைக்குச் சமம். பெல்ட்டில் ஓடும் சிறு விசிறி அந்தச் சுமையைத் தருவதே இல்லை. சுமையின்றி வழுக்கும் உருளைகள் ஓடுபாதையைத் தேய்த்து மங்கலாக்க, ‘பாதுகாப்புக்காக’ வாங்கிய பெரிய பேரிங் தன் பருமனாலேயே கெடுகிறது.

நம்பிக்கை: துருப்பிடிக்காத எஃகு என்றால் கவலையில்லை

பேரிங் செய்யப் பயன்படும் துருப்பிடிக்காத எஃகு, அடுப்பங்கரைப் பாத்திரத்தின் எஃகு அன்று. ஓடுபாதைக்கு வேண்டிய கடினத்தைப் பெறக் கரிமம் மிகுந்த 440சி போன்ற வகைகளைப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கரிமம் குரோமியத்தின் ஒரு பகுதியைப் பிணைத்துக்கொள்வதால், துருவை எதிர்க்கும் ஆற்றல் அந்த அளவுக்குக் குறைகிறது. குளோரைடு கலந்த ஈரத்தில் இவ்வெஃகு ஊசிமுனைக் குழிகளாக அரிக்கப்படுகிறது. எண்ணூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஆலைகளில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. வழக்கமான குரோம் எஃகைவிட இதன் சுமைத்திறன் குறைவு என்பதும் சேர, விலை கூடியும் பயன் கூடாத நிலை பல இடங்களில் ஏற்படுகிறது. உணவுத் தொழிற்சாலையில் அடிக்கடி கழுவப்படும் சிறு பேரிங்குகளுக்கு இவ்வெஃகு நல்ல தேர்வாக இருக்கலாம். கோபுரத்தில் அதே பணத்தை நல்ல சீலுக்குச் செலவிடுவது மேல்.

நம்பிக்கை: சீல் வைத்த பேரிங்குக்குள் தண்ணீர் போகாது

இங்கேதான் பொருள் விரிவாகப் பேசப்பட வேண்டியதாகிறது. இருபுறமும் ரப்பர் உதடு வைத்த பேரிங் மேலே விழும் துளிகளைத் தடுக்கும் என்பது மெய். ஆனால் தண்ணீர் உள்ளே போக வேறொரு வழி உண்டு. விசிறி ஓடும்போது பேரிங்கும் அதனுள் உள்ள காற்றும் சூடாகி விரிய, சிறிதளவு காற்று உதட்டைத் தாண்டி வெளியேறுகிறது. விசிறி நின்றதும் உள்ளே குளிர்ந்து அழுத்தம் குறைய, சுற்றியுள்ள ஈரக் காற்று அதே உதட்டின் வழியே உள்ளிழுக்கப்பட்டு, குளிர்ந்த எஃகின்மேல் பனித்துளியாகப் படிகிறது. ஒவ்வொரு முறை நிறுத்தி ஓட்டும்போதும் இது நிகழ்வதால், நீரின் வெப்பநிலையைப் பார்த்து அடிக்கடி தானாக நின்று ஓடும் விசிறிக்கே, இடைவிடாமல் ஓடும் விசிறியைவிட ஈரம் அதிகம் சேர்கிறது.

கியர்பாக்ஸும் இவ்வாறே தன் மூச்சுக்குழாய் வழியே சுவாசிக்கிறது. அந்தக் குழாயின் வாய் விசிறிக் கூண்டுக்குள்ளேயே விடப்பட்டிருந்தால் அது இழுப்பது நீராவி மிகுந்த காற்று. கூண்டுக்கு வெளியே நீட்டப்பட்டு, ஈரம் உறிஞ்சும் குருணை நிரப்பிய வடிகட்டியும் வைக்கப்பட்டிருந்தால் நிலைமை வெகுவாக மாறுகிறது. எவ்வளவு நீர் எவ்வளவு கேடு என்பதற்கு, டிம்கென் நிறுவனத்தைச் சேர்ந்த கேன்ட்லி 1977இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது: எண்ணெயில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு நீர் இருக்கும்போது கிடைக்கும் ஆயுளை 1 என்று கொண்டால், 400 பங்கில் அது பாதிக்கும் கீழே இறங்குகிறது, 25 பங்கில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது. 20 லிட்டர் எண்ணெய் கொள்ளும் கியர்பாக்ஸில் 400 பங்கு என்பது 8 மில்லிலிட்டர், இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவு. அந்த அளவு நீர் வெதுவெதுப்பான எண்ணெயில் கரைந்திருக்கும்போது எண்ணெய் தெளிவாகவே தோன்றலாம் என்பதால், கண்ணாடிக் குழாயில் பார்த்துத் திருப்தியடைவது போதாது.

ஆகவே தேர்வின்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, பேரிங்கின் எண்ணைவிட அதன் கூட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும். செங்குத்துத் தண்டின் வழியே மேலிருந்து வழியும் நீரை வீசியெறிய ஒரு குடைத்தட்டு, அதன் கீழ் தண்டோடு சுழலும் வி வடிவ ரப்பர் வளையம், அதற்கும் உள்ளே வளைந்து வளைந்து செல்லும் இடுக்குவழி, அந்த இடுக்கில் நிறைந்த கிரீஸ் என்று தடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருந்தால், உள்ளே இருப்பது சாதாரணப் பேரிங்காக இருந்தாலும் அது நெடுநாள் நிற்கும். மோட்டாரைச் செங்குத்தாகப் பொருத்தும்போது, அதன் வடிகால் துளை மிகத் தாழ்ந்த இடத்தில் திறந்திருக்கிறதா என்பதும் இதே வகைக் கேள்வி. கிடையாகப் பொருத்துவதற்கென வைத்த துளை, மோட்டார் நிமிர்ந்ததும் பயனற்ற இடத்துக்குப் போய்விடுகிறது.

நம்பிக்கை: கிரீஸ் எவ்வளவு அடித்தாலும் நல்லதே

வேகமாகச் சுழலும் மோட்டார் பேரிங்கில் கிரீஸ் நிறைந்தால் அது கடையப்பட்டுச் சூடாகி, எண்ணெய் பிரிந்து, சீலையும் பிதுக்கித் தள்ளுகிறது. மெதுவாகச் சுழலும் பிளம்மர் பிளாக்கிலோ, கூட்டை நிறைத்து வைத்த கிரீஸே ஈரத்தைத் தடுக்கும் சுவராகிறது. ஒரே கோபுரத்தில் இரண்டுக்கும் ஒரே விதியைக் கடைப்பிடிப்பதுதான் பிழை.

அளவைவிடப் பெரிய தொல்லை, கிரீஸ் பேரிங்குக்குப் போய்ச் சேர்கிறதா என்பதே. ஓடும் விசிறிக்கு அருகே ஆள் போக முடியாது என்பதால் கிரீஸ் குழாய் கூண்டுக்கு வெளியே நீட்டப்படுகிறது. உள்விட்டம் 6 மில்லிமீட்டர், நீளம் 3 மீட்டர் உள்ள குழாயின் கொள்ளளவு சுமார் 85 கன சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ 75 கிராம் கிரீஸ். 140 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 33 மில்லிமீட்டர் அகலமும் உள்ள 22216 வகைப் பேரிங்குக்கு ஒரு தடவைக்குரிய அளவு, வெளிவிட்டத்தையும் அகலத்தையும் பெருக்கி 0.005ஆல் பெருக்கும் வழக்கமான சூத்திரத்தின்படி, 23 கிராம்தான். ஆக இன்று அடிக்கும் கிரீஸ் பேரிங்கைத் தொடுவதற்குள் மூன்று தவணைகள் கழிந்துவிடும். குழாய் எங்காவது விரிசல் கண்டிருந்தால் என்றுமே தொடாது, தொட்டித் தண்ணீரில் எண்ணெய்ப் படலமாக மிதக்கும். கிரீஸ் வகையை மாற்றும்போது குழாயில் நிற்கும் பழையதை வெளியேற்றாமல் விட்டால், லித்தியம் சோப்பும் பாலியூரியாவும் போன்ற ஒத்துப்போகாத இரண்டு கலந்து இளகி ஓடிவிடவும் கூடும். நீரோடு கலந்தால் கரைந்துபோகும் சோடியம் சோப்புக் கிரீஸைத் தவிர்த்து, நீரைத் தாங்கும் கால்சியம் சல்ஃபோனேட் வகையைத் தேர்ந்தெடுத்து, கோபுரம் முழுவதும் அதையே நிலையாகப் பயன்படுத்துவது நல்லது.

நம்பிக்கை: தானே ஒழுங்காகும் பேரிங்குக்கு அலைன்மென்ட் வேண்டாம்

கோள உருளை பேரிங், தண்டு ஒன்றிரண்டு பாகை சாய்ந்திருந்தாலும் தாங்கும். அது தாங்குவது நிலையான சாய்வை மட்டுமே. புல்லிகள் நேர்கோட்டில் இல்லாததால் பெல்ட் இழுக்கும் பக்கச்சுமையோ, விசிறியின் சமநிலைக் குறைவால் சுற்றுக்கு ஒருமுறை வரும் உதையோ அதனால் குறைவதில்லை. 6 மீட்டர் விட்டமுள்ள விசிறி நிமிடத்துக்கு 180 சுற்று சுழலும்போது, மையத்திலிருந்து 2.5 மீட்டர் தொலைவில் ஓர் அலகில் மட்டும் அரைக் கிலோ உப்புப் படிந்திருந்தால், விளையும் மையவிலக்கு விசை சுமார் 45 கிலோ எடைக்குச் சமம். உள்ளீடற்ற நாரிழை அலகுகளில் வடிதுளை அடைபட்டு உள்ளே நீர் தேங்கினாலும் இதே கதைதான். அப்போது பேரிங்கை மாற்றுவது நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து தடவுவதாகும்.

நம்பிக்கை: நிற்கும் விசிறிக்குத் தேய்மானம் இல்லை

மாற்று ஏற்பாடாக மாதக்கணக்கில் நிறுத்திவைத்த விசிறியை ஓட்டியதும் இரைச்சலிட்டால், பலர் பழியைப் பேரிங் தயாரித்தவர்மேல் போடுகிறார்கள். பக்கத்து விசிறிகளின் அதிர்வு கோபுரச் சட்டத்தின் வழியே வந்து, உருளாமல் ஒரே இடத்தில் நிற்கும் குண்டுகளை நுண்ணளவில் அசைக்க, இடையிலிருந்த எண்ணெய்ப் படலம் பிதுங்கிப்போய், குண்டுக்குக் குண்டு உள்ள இடைவெளியிலேயே ஓடுபாதையில் பள்ளங்கள் விழுகின்றன. இன்னொரு புறம், பக்கத்து விசிறியின் உறிஞ்சலால் நிற்கும் விசிறி பின்னோக்கிச் சுழலலாம். எண்ணெயை வாரியிறைத்து உயவிடும் கியர்பாக்ஸில் அந்த மெதுவான சுழற்சிக்கு எண்ணெய் மேற்பேரிங் வரை ஏறாது. விசிறிகளை முறைவைத்து மாற்றி ஓட்டுவதும், பின்சுழற்சித் தடுப்பு வைப்பதும் இதற்கான எளிய வழிகள். வேகத்தைக் குறைத்து ஓட்ட விஎஃப்டி எனப்படும் மின்கருவி பொருத்திய இடங்களிலும் எண்ணெய் ஏறாத இந்தக் குறை எழுவதால், கியர்பாக்ஸ் தயாரிப்பாளர் சொல்லும் மிகக் குறைந்த வேகத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அதே கருவி மோட்டார் தண்டில் தூண்டும் மின்னழுத்தம் பேரிங் வழியே பாய்ந்தால், ஓடுபாதையில் சலவைப்பலகை போன்ற வரிகள் விழும். பீங்கான் குண்டு வைத்த பேரிங்குக்கு உண்மையான தேவை இங்கேதான். துருவுக்காக அதை வாங்குவது வீண், அதன் வளையங்கள் எஃகுதான்.

நம்பிக்கை: எண் ஒன்றென்றால் பேரிங்கும் ஒன்றே

22216 இகே சி3 என்ற குறியில் முதல் 2 என்பது கோள உருளை வகையையும், அடுத்த 2 என்பது அகல வரிசையையும், மூன்றாம் 2 என்பது விட்ட வரிசையையும், 16 என்பது ஐந்தால் பெருக்கக் கிடைக்கும் 80 மில்லிமீட்டர் உள்விட்டத்தையும், கே என்பது கூம்பிய துளையையும், சி3 என்பது இயல்பைவிடக் கூடிய உள்ளிடைவெளியையும் சொல்கின்றன. எஃகின் தூய்மையையும் கூட்டின் வார்ப்பையும் இக்குறி சொல்வதில்லை. போலிச் சரக்கில் இதே குறி அழகாகவே பொறிக்கப்பட்டிருக்கும் என்பதால், அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் மட்டுமே வாங்க வேண்டும். கூம்புத் துளைப் பேரிங்கில் சி3 இடைவெளியை ஸ்லீவ் நட்டை இறுக்குபவரே கூட்டவோ குறைக்கவோ முடியும். ஃபீலர் கேஜ் வைத்து அளக்காமல் சுத்தியலும் உளியும் கொண்டு இறுக்கினால், அந்த இடைவெளி முதல் நாளிலேயே காணாமல் போகிறது. அதன்பின் ஓடுபாதை முழுச்சுற்றிலும் ஒரே சீராகத் தேய்ந்த பட்டை விழும். கழற்றிய பேரிங்கை அறுத்துப் பார்க்கும்போது, அப்பட்டையும், குண்டு இடைவெளியில் விழுந்த பள்ளமும், சலவைப்பலகை வரியும், ஈரம் விட்டுச்சென்ற கருங்கறையும் தனித்தனியே அடையாளம் காணக்கூடியவை. அடுத்த பேரிங்குக்கான கொள்முதல் குறிப்பு, இவற்றில் எது இருந்தது என்று பதிவேட்டில் எழுதிய பிறகே எழுதப்பட வேண்டும்.