மலையேறும் திருநாள்: உறைபனியைப் பற்றி ஒரு பாடம்



கிறிஸ்து பிறப்புத் திருநாள் நெருங்கி வருகிறது. அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்கள் அடைத்ததும், நம் தொண்டாமுத்தூர் வட்டாரத்துக் குடும்பங்கள் பல பிள்ளைகுட்டிகளுடன் நீலகிரிக்குப் பஸ் ஏறுவது வழக்கம். அங்கே நமக்கு உறவினருக்குக் குறைவில்லை. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் அங்கேயே வீடு கட்டிக்கொண்ட பெரியப்பா. 1960-இல் தோன்றி இப்போது மூடப்பட்டுவிட்ட ஊட்டி பிலிம் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்த சித்தப்பா. தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்ட அத்தை. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் குடியேறியவர்களில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்திகள். இத்தனை பேரும் ஒரே கூரையின்கீழ்க் கூடி, நடுநிசிப் பூசை கண்டு, மறுநாள் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது பெரும் பேறு. அந்தப் பேற்றைத் தேடிப் போகுமுன் அவ்வூர்க் குளிரைப் பற்றி நாம் சற்றுப் படித்துக்கொள்வது அவசியமாயிருக்கிறது.

புறப்படுமுன்பே பிள்ளைகள் கேட்பார்கள்: “அப்பா, ஊட்டியிலே கிறிஸ்மஸ் அன்னைக்குப் பனி கொட்டுமா?” தகப்பனார் பெரும்பாலும், “போய்ப் பார்க்கலாம், வா கண்ணு” என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். சரியான விடை, கொட்டாது என்பதே. ஆயினும் விடியற்காலையில் புல்வெளி வெள்ளை விரித்தாற்போல் இருப்பதைப் பிள்ளைகள் காணக்கூடும். இவ்விரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

முதலில், இந்த ஆசை பிள்ளைகளுக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். வாழ்த்து அட்டைகளிலிருந்துதான். அர்ச். லூக்காஸ் எழுதிய சுவிசேஷத்தில் பனியைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. இடையர்கள் இரவில் வெட்டவெளியில் கிடைக்குக் காவலிருந்தார்கள் என்றுதான் காண்கிறோம். பெத்லகேம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 775 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். கோவையைவிட உயரம், குன்னூரைவிடத் தாழ்வு. ஆனால் நம்மைவிட வெகுதூரம் வடக்கே இருப்பதால், சில ஆண்டுகளில் அங்கே மெய்யாகவே வெண்பனி விழுவதுண்டு. 1223-ஆம் ஆண்டில் அர்ச். பிரான்சிஸ்கு அசீசியார் இத்தாலியில் கிரேச்சியோ என்ற மலையூரில் குடில் அமைத்தபோது வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்தார். கூரைமேல் பஞ்சு ஒட்டுவது பிற்காலத்தில் குளிர் தேசங்களைப் பார்த்து வந்த பழக்கம். கோவையில் பஞ்சுக்குப் பஞ்சமில்லையாதலால் நாமும் தாராளமாகவே ஒட்டுகிறோம்!

வாழ்த்து அட்டையின் கதை இன்னும் சுவையானது. விற்பனைக்காக அச்சிடப்பட்ட முதல் கிறிஸ்மஸ் அட்டை 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஏற்பாடு செய்தது. படம் வரைந்தவர் ஹார்ஸ்லி. அதில் பனியே இல்லை. நடுவில் பாட்டன் பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை ஒரு குடும்பம் முழுவதும் விருந்துக்கு அமர்ந்திருக்கிறது. இரு பக்கங்களிலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கும் காட்சிகள். நாம் மலைக்குப் போய்ச் செய்வது அந்த நடுப்படத்திலுள்ள காரியத்தையே. பக்கப் படங்களை மறந்துவிட வேண்டாம்.

இனி பாடத்துக்கு வருவோம். வெண்பனி மேகத்தில் பிறப்பது. மேகத்திலுள்ள நீராவி கடுங்குளிரில் சிறு சிறு படிகங்களாகி, பஞ்சுபோலச் சேர்ந்து விழுகிறது. அது தரை மட்டும் உருகாமல் வந்து சேர வேண்டுமானால் நடுவிலுள்ள காற்று முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும். ஊட்டியில் மேகம் சூழ்ந்த நாளில் அவ்வளவு குளிர் இருப்பதில்லை. அவ்வளவு குளிர் இருக்கும் நாளில் மேகம் இருப்பதில்லை. ஆகையால் வெண்பனிக்கு வழியில்லை. கோடை மழையில் சில சமயம் ஆலங்கட்டி விழுந்து தரை வெளுத்துப்போகிறதே என்பீர்கள். அது இடிமேகத்தில் நீர்த்துளிகள் மேலும் கீழும் அலைக்கழிக்கப்பட்டு உறைந்த கட்டி, வெண்பனியோடு சேர்ந்ததன்று.

உறைபனி வானத்திலிருந்து விழுவதேயில்லை. அது தரையில் உண்டாவது. மார்கழி விடியலில் நம் வெங்காய வயலில் கால் வைத்தால் பாதம் நனைகிறதல்லவா? மழை பெய்யவில்லை; யாரும் தண்ணீர் பாய்ச்சவுமில்லை. பகலில் வெயிலால் ஏறிய உஷ்ணத்தைப் பூமி இரவெல்லாம் ஆகாயத்துக்கு விட்டுக்கொண்டிருக்கிறது. இலையும் புல்லும் வெகுவாகக் குளிர்ந்துவிடவே, காற்றிலுள்ள நீராவி அவற்றின்மேல் நீராகப் படிகிறது. இது நீர்ப்பனி. இலையின் குளிர் பூஜ்ய டிகிரிக்கும் கீழே போய்விட்டால், நீராவி தண்ணீராகாமல் நேரே பனிக்கட்டித் துகளாகவே படிந்துவிடும். அதுவே உறைபனி. நம் வயலிலும் ஊட்டிப் புல்வெளியிலும் நடப்பது ஒரே வேலை, உயரம்தான் வித்தியாசம். கோவை ஏறத்தாழ 411 மீட்டர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஒவ்வோர் 1,000 மீட்டர் ஏறும்போதும் சராசரி 6 அல்லது 7 டிகிரி குறையும். கணக்குப் பார்த்தால் நமக்கும் அவர்களுக்கும் சுமார் 12 டிகிரி வித்தியாசம்.

மேகம் பூமிக்குக் கம்பளி போன்றது. வானம் மூடியிருக்கும் இரவில் உஷ்ணம் வெளியேறாது, உறைபனியும் வராது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் துலங்கி, காற்று அசையாமல் நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரியும் இரவே உறைபனி இரவு. இது பெரும்பாலும் நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை நீடிக்கும். கிறிஸ்மஸ் அன்று மழைமூட்டம் இருந்தால் பிள்ளைகள் ஏமாறுவார்கள். அது யார் குற்றமும் அல்ல.

இன்னொரு சங்கதி. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் குதிரைப் பந்தய மைதானம், காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்கள் வெளுத்திருக்கும்போது, சற்று மேலே சரிவிலுள்ள வீட்டு முற்றத்தில் ஒன்றும் இராது. பத்திரிகையில் “ஊட்டியில் 4 டிகிரி” என்று போட்டிருக்க, புல் உறைந்திருக்கிறதே என்று குழம்புகிறவர்களும் உண்டு. அந்த அளவு தரையிலிருந்து நாலடி உயரத்தில், பெட்டிக்குள் வைத்த கருவி காட்டுவது. தெளிந்த இரவில் புல்லின் நுனி அதைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும்.

பிள்ளைகளுக்கு இது வேடிக்கை. வீட்டுக்காரருக்கு எப்படி என்று யோசித்தீர்களா? தேயிலைக் கொழுந்து உறைபனி பட்டால் உள்ளிருக்கும் நீர் உறைந்து, வெயில் ஏறியதும் தீய்ந்தாற்போல் கருகிவிடும். மறுபடி கொழுந்து விட வாரக்கணக்காகும். அதுவரை பறிப்பவர்களுக்கு வேலை குறையும், பச்சைத் தேயிலையை எடை போட்டு விற்கும் சிறு விவசாயிக்குப் பணம் குறையும். உருளைக்கிழங்குச் செடியும் இதற்குத் தாங்காது. ஆகவே விடியுமுன் எழுந்து தோட்டத்தில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவிலுங்கூட மிலார்ச் செடிக் கிளைகளைப் பரப்பிப் பூச்செடிகளை மூடி வைப்பதைக் காணலாம். சோலைக் காட்டு மரங்கள் பள்ளங்களை விட்டு வெளியே வந்து புல்வெளியில் பரவாமலிருப்பதற்கும் உறைபனி ஒரு காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். வெட்டவெளியில் முளைக்கும் இளங்கன்றுகளை அது கொன்றுவிடுகிறது. மாமன் வீட்டுத் தோட்டம் கருகிக் கிடக்கும் காலையில், “எவ்வளவு அழகு!” என்று நாம் அவர் எதிரில் கூவுவது நன்றாயிராது. அவரோடு எழுந்து போய்க் குழாயைப் பிடித்துக் கொடுக்கலாம். உறைந்த புல்லை மிதித்தால் அது முறிந்து பழுத்துப்போகும். ஆகையால் பிள்ளைகளைப் பாதையில் நிறுத்திக் காட்டுங்கள். சூரியன் ஏறிய சிறிது நேரத்தில் எல்லாம் மறைந்துவிடுமாதலால் ஆறு மணிக்கே எழுப்பிவிடுங்கள்.

அடுத்துச் சொல்வதைப் பெற்றோர் தயவுசெய்து இருமுறை படிக்கவும். விருந்தினர் பலர் வந்துவிட்டால், ஓர் அறையில் பத்துப் பேர் படுக்க நேரும். குளிர் தாளாமல், கரி அடுப்பையோ, இறைச்சி சுட்ட கரித் தட்டையோ உள்ளே கொண்டுவந்து வைத்து, ஜன்னல் கதவெல்லாம் இறுக அடைத்துத் தூங்கிவிடுவார்கள். இப்படித் தூங்கினவர்கள் காலையில் எழுந்திராமற்போன துக்கச் செய்தி நம் மலையூர்களிலிருந்து வந்ததுண்டு. காரணம் புகை அன்று. புகை இருந்தால் இருமி விழித்துக்கொள்வோம். கனன்று அடங்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளோடு அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக ஒட்டிக்கொள்ளும். இடம் பறிபோன பிராணவாயு மூளைக்கும் இருதயத்துக்கும் போய்ச் சேராது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

புகைபோக்கி உள்ள கணப்பில் நெருப்பு மூட்டலாம். அதுவும் புகைபோக்கி அடைபட்டிராவிட்டால் மட்டுமே. கரிச்சட்டியானால் வாசலில் வைத்துக் குளிர் காய்ந்துவிட்டு, படுக்கப் போகுமுன் வெளியிலேயே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட வேண்டும். “நெருப்பு அடங்கிவிட்டது, பாவம், பிள்ளைகளுக்குக் கதகதப்பாயிருக்கட்டும்” என்று அம்மாயி சொன்னாலும் இணங்காதீர்கள். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் வெந்நீர்க் கருவி இருந்தால் அதிலும் இதே அபாயம் உண்டு. ஓர் அறையில் பலருக்கு ஒரே சமயத்தில் தலை வலித்தால், பஸ் அலுப்பு என்று எண்ணி மாத்திரை கொடுத்துக்கொண்டிராமல், கதவைத் திறந்து எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய் 108-க்குச் சொல்லுங்கள்.

குளிருக்குக் கம்பளியே போதும். தடித்த ஒரே சட்டையைவிட மெல்லிய மூன்று சட்டைகள் நல்லவை. இடையில் சிக்கும் காற்றுதான் உஷ்ணத்தைக் காக்கிறது. கைக்குழந்தைக்குத் தலையை மூடுங்கள், மூக்கை மூடாதீர்கள். ஆஸ்துமா, இருதய நோய், இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் மருந்தை மறவாமல் எடுத்துச் செல்லட்டும். விடியற்காலை நடைக்குப் போக வேண்டாம். “சூட்டுக்கு” என்று சில சித்தப்பாமார் மறைவில் எடுத்துக்கொள்ளும் பானம், தோலுக்குச் சூடுபோலத் தோன்றச் செய்து உடம்பின் உஷ்ணத்தை வெளியே விட்டுவிடும். இதற்குமேல் அதைப் பற்றி எழுத இங்கே இடமில்லை.

போகும்போது இங்கிருந்து தேங்காய், வாழைத்தார், சின்ன வெங்காயம், அம்மாயி சுட்ட கச்சாயம் என்று மூட்டை கட்டுவோம். கூடவே ஒரு சீசா தேங்காயெண்ணெயும் எடுத்துப் போங்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும். நம் வீட்டில் தெளிந்திருந்த எண்ணெய் ஊட்டியில் மெழுகுபோல் வெளுத்து நிற்பதைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு உறைதல் என்றால் என்னவென்று விளங்கும். சமையலறையிலும் ஒரு பாடம் உண்டு. உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவாதலால், அங்கே தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர அவ்வளவு சூடில்லை. குக்கர் இல்லாமல் வைத்த பருப்பு வேக வெகுநேரமாகும். பத்துப் பதினைந்து விருந்தாளிகளுக்கு உலை வைக்கும் அத்தை, பந்திக்கு நேரமாகிவிட்டதே என்று தவிக்கும்போது, அவள் சோம்பலாயிருந்தாள் என்று யாரும் முணுமுணுக்க வேண்டாம். காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் ஆண்பிள்ளைகளையும் அனுப்புங்கள்.

சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கே முதலிடம். இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். விடியற்காலையில் கண்ணாடியில் பனி படிந்திருந்தால் கொதிக்கிற நீரை ஊற்றாதீர்கள், கண்ணாடி வெடித்துவிடும். இறங்கும்போது பிரேக்கையே அழுத்திக்கொண்டிராமல் கியரைக் குறைத்து வாருங்கள். பர்லியாறு தாண்டிக் கீழே வரும்போது பிள்ளைகளுக்குக் காது அடைக்கும். வாயில் ஒரு மிட்டாய் கொடுத்து எச்சிலை விழுங்கச் சொல்லுங்கள். கைக்குழந்தையானால் அந்நேரம் பால் கொடுத்தால் அழாது.