ஓமத் திரவமும் ஒரு பேராசிரியரும்

குழந்தைக்கு வயிறு உப்பினால் பாட்டி ஓமத் திரவம் புகட்டுவார். கம்பளி உடைகளைப் பெட்டியில் அடுக்கும்போது அம்மா அந்துருண்டை இடுவார். தரையைக் கழுவும் நீரில் சிறிது ஃபினாயில் ஊற்றுவர். நாள்தோறும் காண்பவை ஆதலால், இப்பொருள்களைச் செய்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. இம்மூன்றையும் நம் நாட்டிலேயே செய்து விற்ற முன்னோடி நிறுவனம் ஒன்று கொல்கத்தாவில் இன்றும் உள்ளது. அதன் பெயர் பெங்கால் கெமிக்கல்ஸ். அதைத் தொடங்கியவர் வணிகர் அல்லர், வேதியியல் ஆசிரியர்.

பிரபுல்ல சந்திர ராய் 1861ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள், இன்றைய வங்காளதேசத்தில் உள்ள ராருலி என்னும் சிற்றூரில் பிறந்தார். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்று, 1887இல் முனைவர் பட்டம் பெற்றார். 1889இல் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். அக்காலத்தில் மருந்துகளும் அமிலங்களும் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. பட்டம் பெற்ற இளைஞர்களோ எழுத்தர் வேலை தேடி அலைந்தனர். மூலப்பொருள் இங்கே இருக்க, கற்றவரும் இங்கே இருக்க, செய்த பொருள் மட்டும் ஏன் கடல் கடந்து வரவேண்டும் என்ற வினா அவர் உள்ளத்தை உறுத்தியது.

1892ஆம் ஆண்டு, 700 ரூபாய் முதலீட்டில், தாம் குடியிருந்த வாடகை வீட்டிலேயே அவர் தொழிலைத் தொடங்கினார். மருந்துக்கு வேண்டிய பாஸ்பேட் உப்பை எலும்பிலிருந்து எடுக்கலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே, இறைச்சிக் கடைகளிலிருந்து மாட்டெலும்புகளை வாங்கி, வீட்டு மொட்டைமாடியில் காயவைத்தார். காகங்கள் கூடின, நாற்றம் பரவியது, அண்டை வீட்டார் முறையிட்டனர். எலும்புகளை வேறிடத்திற்குக் கொண்டுசென்று எரித்துச் சாம்பலாக்கினார். அச்சாம்பலோடு கந்தக அமிலத்தையும், பின்னர்ச் சோடாவையும் சேர்த்துத் தூய உப்பைப் பெற்றார். கழிவென்று ஒதுக்கப்பட்ட எலும்பு மருந்தாயிற்று.

செய்வதைவிட விற்பதே கடினமாக இருந்தது. 'உள்நாட்டு மருந்தை நம்பலாமா?' என்று கடைக்காரர் தயங்கினர். மருத்துவரான அமுல்ய சரண் போஸ் அத்தயக்கத்தைப் போக்க முன்வந்தார். தம் நோயாளிகளுக்கு இம்மருந்துகளைத் தாமே எழுதித் தந்தார். உடன் மருத்துவர்களையும் இணங்கச் செய்தார். நாட்டு மூலிகைகளையும் புதிய முறையில் மருந்தாக்கலாம் என்று ஊக்கினார். அவ்வாறு ஆடாதோடை, நிலவேம்பு, குடசப்பாலை, ஓமம் ஆகியவை அளவும் தரமும் வரையறுக்கப்பட்டுப் புட்டிகளில் அடைக்கப்பட்டன. 1898இல் பிளேக் நோய் போஸின் உயிரைப் பறித்தது. நண்பரை இழந்த துயரிலும் ராய் பணியைக் கைவிடவில்லை.

ஓமத் திரவம் எவ்வாறு செய்யப்படுகிறது? ஓம விதைகளை நீரிலிட்டுக் கொதிக்க வைத்தால், எழும் ஆவி அவற்றிலுள்ள எண்ணெயையும் உடன் சுமந்து வரும். ஆவியைக் குளிரச் செய்தால் மணமுள்ள நீர் கிடைக்கும். தைமால் என்னும் வேதிப்பொருளே அந்த மணத்திற்கும் காரத்திற்கும் முதன்மைக் காரணம். நாம் ஓமம் என்பதை இந்தியில் அஜ்வாயின் என்றும், வங்காளியில் ஜோவான் என்றும், மராத்தியில் ஓவா என்றும், தெலுங்கில் வாமு என்றும் கூறுவர். பெயர் பல, பயன் ஒன்றே.

காற்றுப் புகாமல் நிலக்கரியைச் சூடாக்கினால் கரிய தார் கிடைக்கும். அத்தாரிலிருந்து நாப்தலீனைப் பிரித்தெடுத்து அந்துருண்டை செய்தனர். திண்ம நிலையிலிருந்து நேரே ஆவியாவது நாப்தலீனின் இயல்பு. அதனால்தான் பெட்டியில் இட்ட உருண்டை நாளடைவில் சிறுத்து மறைகிறது. அதன் ஆவி பூச்சிகளை விரட்டுகிறது. ஃபினாயில் செய்யவும் தார் எண்ணெய்களே உதவின. இவ்விரண்டும் நஞ்சு, சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

1901இல் இந்நிறுவனம் வரையறுக்கப்பட்ட நிறுமமாகப் பதிவு பெற்றது. 1905இல் மாணிக்தலாவிலும், 1920இல் பானிஹாட்டியிலும் தொழிற்சாலைகள் அமைந்தன. 1903இல் பணியில் சேர்ந்த வேதியியலாளர் ராஜசேகர் போஸ் பின்னர் மேலாளராக உயர்ந்தார். வங்காளி மொழியின் புகழ்பெற்ற எழுத்தாளரும் அகராதி ஆசிரியரும் அவரே. பிற்காலத்தில் நிறுவனம் நலிவுற்றது. 1977இல் அதன் நிருவாகத்தை நடுவண் அரசு ஏற்றது. 1980இல் அது நாட்டுடைமையாயிற்று. ராய் 1944இல் மறைந்தார். எனினும், அவர் காலத்து ஓமத் திரவம் இன்றும் விற்பனையில் உள்ளது.

வகுப்பறையில் கற்ற சமன்பாடு தாளிலேயே நின்றுவிட்டால் அது மதிப்பெண் மட்டுமே தரும். அதே சமன்பாடு ஒருவரின் வயிற்று வலியைத் தீர்க்கும்போது, வேலையற்ற இளைஞருக்கு வேலை தரும்போது, அறிவு பயன் பெறுகிறது. அதற்கு எலும்பைத் தொடக் கூசாத கையும் வேண்டும். நம் நாட்டுப் பொருளை நம்பும் மனமும் வேண்டும். இவ்விரண்டும் அமையப் பெற்றவர் ராய்.

சொற்பொருள்

புகட்டுதல் – குடிக்கச் செய்தல்
திண்மம் – கெட்டியான பொருள்
நிறுமம் – சட்டப்படி பதிவு பெற்ற தொழில் அமைப்பு
நலிவுறுதல் – வலிமை குன்றுதல்
கூசுதல் – அருவருத்துத் தயங்குதல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. ராயின் உள்ளத்தை உறுத்திய வினா யாது?
2. அண்டை வீட்டார் ஏன் முறையிட்டனர்?
3. அந்துருண்டை நாளடைவில் சிறுப்பது ஏன்?

ஆ. பிரித்து எழுதுக: அத்தயக்கம், மாட்டெலும்பு, இம்மருந்து.

இ. சிந்தித்து எழுதுக.
நல்ல பொருளாயினும் அதை மக்கள் நம்பினால்தான் விலைபோகும். இக்கருத்தை அமுல்ய சரண் போஸின் பணிகொண்டு விளக்குக.

ஈ. செயல்பாடு
உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் உள்ள ஐந்து பொருள்களின் தமிழ்ப் பெயர்களைப் பெற்றோரிடம் கேட்டு எழுதுக. நீங்கள் வாழும் ஊரின் மொழியில் அவற்றின் பெயர்களை அண்டை வீட்டாரிடம் கேட்டு எதிரே எழுதுக.