கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

கோபாலன் வழக்கில் தொடங்கி மேனகா காந்தி வழக்கில் முடியும் உங்கள் கட்டுரையைப் போன வாரம் ஒரே மூச்சில் படித்தேன். மறுநாள் பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். அந்தப் பென்சிலால் வந்த கடிதம் இது. பொறுமையாகப் படியுங்கள்.

அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு என்ன சொல்கிறது, ரிட் மனு எதற்கு என்றெல்லாம் உங்களுக்கு நான் பாடம் எடுக்கப்போவதில்லை. கோர்ட்டில் நின்று பழகியவர் நீங்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன். மேனகா காந்திக்கு உச்ச நீதிமன்றம் பாஸ்போர்ட்டைத் திரும்பப் பெற்றுத் தந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே தந்தது? எந்தப் பக்கத்தில்?

1977 ஜூலையில் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொல்லி அந்த அம்மாளுக்குக் கடிதம் வந்தது. காரணம் கேட்டதற்கு, பொதுமக்கள் நலன் கருதிக் காரணம் சொல்ல முடியாது என்றது ஜனதா அரசு. ஏழு நீதிபதிகள் கேட்டார்கள். 1978 ஜனவரி 25-ஆம் தேதி தீர்ப்பு. ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை சட்டப் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது, அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று நீதிபதி பகவதி எழுதியதை நீங்கள் நன்றாகவே விளக்கியிருக்கிறீர்கள். ஆனால் அத்தனையும் சொல்லி முடித்த பிறகு கோர்ட் என்ன செய்தது? அரசின் உத்தரவை ரத்து செய்யவில்லை. அந்த அம்மாள் தன் தரப்பைச் சொல்லட்டும், நாங்கள் மறுபரிசீலனை செய்கிறோம் என்று அட்டர்னி ஜெனரல் ஒரு வாக்குறுதி கொடுத்தார். அதைப் பதிவு செய்துகொண்டு, தனியாக உத்தரவு எதுவும் தேவையில்லை என்று மனுவை முடித்துவிட்டார்கள். பாஸ்போர்ட் கோர்ட் ரிஜிஸ்ட்ராரிடமே இருந்தது. உத்தரவை ரத்து செய்தே ஆகவேண்டும் என்றவர் தலைமை நீதிபதி பெக் ஒருவர்தான்.

இது சின்னத் தவறு, அடுத்த இதழில் திருத்தம் போட்டால் போயிற்று என்று நினைக்காதீர்கள். நம் பத்திரிகைகளில் தீர்ப்புகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அத்தனை பேருக்கும் உள்ள வியாதி இது. நடுவில் மின்னுகிற பத்தியை எடுத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தை விட்டுவிடுவது. தீர்ப்பின் தலைப்பில் இருக்கும் சுருக்கமான ஹெட்நோட்டை மட்டும் படித்துவிட்டுக் கட்டுரை எழுதுவதை வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். உங்களையும் அந்தக் கூட்டத்தில் பார்த்ததுதான் என் கோபத்துக்குக் காரணம்.

உரிமை வழக்குகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தத்துவம் ஜெயிக்கும், மனுதாரர் தோற்பார். கோலக்நாத் வழக்கு, 1967. அடிப்படை உரிமைகளைப் பறிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று பதினொரு நீதிபதிகளில் ஆறு பேர் சொன்னார்கள். அப்படியானால் நிலத்துக்காக வழக்குப் போட்ட ஜலந்தர்க்காரர்களான கோலக்நாத் குடும்பத்துக்கு நிலம் மிஞ்சியதா? இல்லை. இந்த விதி இனிமேல் வரும் திருத்தங்களுக்குத்தான், பழைய திருத்தங்கள் அப்படியே நிற்கும் என்று தலைமை நீதிபதி சுப்பா ராவ் எழுதிவிட்டார். அமெரிக்காவில் 1803-லேயே இந்த வித்தையைக் காட்டியிருக்கிறார்கள். நாடாளுமன்றம் போட்ட சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரத்தை மார்பரி வழக்கில் கோர்ட் தன் கையில் எடுத்துக்கொண்டது. மார்பரிக்குக் கேட்ட பதவி மட்டும் கிடைக்கவில்லை.

நம் ஊர் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடப்போகிறது என்றதும் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து மிரட்டல் கடிதம் போனது. பத்திரிகை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1994 அக்டோபரில் நீதிபதி ஜீவன் ரெட்டி தீர்ப்பு எழுதினார். அதிகாரிகளுக்கு மானநஷ்டம் வரும் என்று சொல்லி அச்சுக்கு முன்பே ஒரு எழுத்தைத் தடுக்க அரசுக்கு உரிமை கிடையாது, வேண்டுமானால் வெளிவந்த பிறகு வழக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். தனிமனிதனின் அந்தரங்கம் 21-வது பிரிவுக்குள் அடங்கும் என்பதையும் அதே தீர்ப்பில்தான் சொன்னார். 2017-இல் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்க உரிமையை நிலைநாட்டியபோது கடந்துவந்த படிகளில் இதுவும் ஒன்று. நீங்களும் ஒரு வரியில் இதைத் தொட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்த வழக்கில் ஆட்டோ சங்கர் கட்சிக்காரரே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அவருடைய மனைவியும் இல்லை. அவர் தன் கதையை எழுதினாரா, வெளியிடச் சம்மதித்தாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள கோர்ட் முன்னால் ஆளே இல்லாததால், எழுதவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை என்று வைத்துக்கொண்டே தீர்ப்பு நடக்கிறது. யாருடைய அந்தரங்கத்தைப் பற்றிப் பேசினார்களோ அவர் தூக்குத் தண்டனைக் கைதியாகச் சிறையில் உட்கார்ந்திருந்தார். 1995 ஏப்ரலில் சேலத்தில் தூக்கிலிட்டார்கள். கடைசியில் போட்ட ஆர்டர் என்ன? பொது ஆவணங்களில் இருக்கிற அளவுக்குச் சம்மதம் இல்லாமலே வெளியிடலாம், அதைத் தாண்டினால் விளைவுக்கு நீங்கள்தான் பொறுப்பு. இந்தக் கோட்டைத் தெரிந்துகொள்ளாமல் இன்றைக்கும் எத்தனை நிருபர்கள் மாட்டிக்கொள்கிறார்கள் தெரியுமா? கருத்துச் சுதந்திரம் வென்றது என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் அவர்களுக்கு என்ன பிரயோஜனம்?

இந்தப் பைத்தியம் எனக்கு எங்கே பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் ஜூனியராகச் சேர்ந்த சேம்பர் தம்புச் செட்டித் தெருவில் ஒரு மாடியில் இருந்தது. நெருக்கடி நிலைக் காலம், 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசைக் கலைத்தார்கள். அன்றிரவே மிசா தடுப்புக் காவல் சட்டத்தில் கைதுகள் தொடங்கிவிட்டன. மறு வாரத்திலிருந்து மாடிப்படி முழுக்கப் பெண்கள். சென்னை மத்திய சிறைக்கு டிபன் கேரியரோடு போய், உள்ளே விடாமல் திருப்பி அனுப்ப, அதே கேரியரோடு எங்களிடம் வருவார்கள். சிறைக்குள் அடி விழுகிறது என்று அவர்கள் சொன்னபோது எங்களில் சிலரே முழுசாக நம்பவில்லை. பின்னால் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்தபோது எல்லாம் வெளியே வந்தது. அந்தக் கைதிகளில் ஒருவரான, முன்பு சென்னை மேயராக இருந்த சிட்டிபாபு அதற்குள் இறந்துபோயிருந்தார்.

ஆட்கொணர்வு மனுக்களுக்கு அஃபிடவிட் தயார் செய்வதுதான் அப்போது என் வேலை. தட்டச்சுக்காரர் பக்கத்தில் நின்று வாசகம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிப்போகும். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கைதிகள் பக்கம் நின்றிருந்ததால் ஒரு நம்பிக்கை இருந்தது. ஏப்ரல் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஜபல்பூர் தீர்ப்பு வந்தது. நெருக்கடி நிலை இருக்கும்வரை, காவல் சட்டவிரோதம் என்று சொல்லி யாருமே கோர்ட் கதவைத் தட்ட முடியாது என்று ஐந்து பேரில் நான்கு பேர் சொல்லிவிட்டார்கள். நீதிபதி கன்னா மட்டும் மறுத்தார். மறு வருஷம் அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதிப் பதவி பெக்குக்குப் போனது, கன்னா ராஜினாமா செய்தார். இதெல்லாம் உங்கள் கட்டுரையிலும் இருக்கிறது.

தீர்ப்பின் நகல் வந்ததும் என் சீனியர் என்னைக் கூப்பிட்டு, வெளியே உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு விஷயத்தைச் சொல்லு என்றார். நான் போய்க் குடியரசுத் தலைவர் உத்தரவு, 21-வது பிரிவு, கன்னாவின் மறுப்பு எல்லாம் சொன்னேன். அந்த அம்மா கடைசி வரைக்கும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அவரு எப்ப வருவாரு சார்?" என்றார். உள்ளே வந்தேன். சீனியர் தலையைக் கூட நிமிர்த்தவில்லை. "தீர்ப்பைக் கடைசிலேருந்து படிச்சிருந்தா அதைத்தானே முதல்ல சொல்லியிருப்பே" என்றார். அவரிடம் ஜூனியராக இருந்த காலம் முழுக்க, எந்த வால்யூமைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத் திறந்துதான் கொடுப்பார்.

இரண்டாவது எரிச்சல், பகவதி விஷயம். மேனகா தீர்ப்புக்காக அவருக்கு மூன்று பத்தி மாலை போட்டிருக்கிறீர்கள். ஜபல்பூர் பெஞ்சில் அரசுப் பக்கம் நின்ற நான்கு பேரில் அவரும் ஒருவர் என்று உங்கள் கட்டுரையில் ஒரு இடத்திலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, தம்பி! நடுவில் ஒரு தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. 2011-இல் அவரே ஜபல்பூர் தீர்ப்பு தப்பு என்று ஒப்புக்கொண்டார். அதையும் சேர்த்து எழுதினால்தான் ஆள் முழுசாகத் தெரிவார். இன்னொரு வேடிக்கையையும் விட்டுவிட்டீர்கள். மிசாவில் அத்தனை பேரை உள்ளே வைத்த இந்திரா காந்தியின் மருமகள்தான் மேனகா வழக்கின் மனுதாரர். உரிமைச் சட்டம் நமக்குப் பிடித்தவர்களின் வழக்குகளில் மட்டும் வளர்வதில்லை. தந்தையின் ஜபல்பூர் தீர்ப்பை மகன் சந்திரசூட் 2017-இல் குப்பையில் போட்டார் என்ற கதையைச் சொல்லியிருக்கிறீர்கள். அதை எழுதாதவர் யார்?

பகவதியைப் புகழ்ந்தே ஆகவேண்டும் என்றால் ஹுசைனாரா காத்தூன் வழக்கு இருக்கிறதே, 1979. பீகார் சிறைகளில் விசாரணை தொடங்காமலே வருஷக் கணக்கில் கிடந்தவர்கள். குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய தண்டனையைவிட அதிகக் காலம் உள்ளே இருந்தவர்களை வெளியே விடுங்கள் என்று உத்தரவு போட்டார்கள். அங்கே கடைசிப் பக்கத்தில் ஆட்கள் வெளியே வருகிறார்கள். நூறு வருஷம் கழித்துப் படித்தாலும் அந்த உத்தரவு உறைக்கும்.

இப்போது, சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராத விஷயம். கோபாலன் வழக்கைப் பற்றிய உங்கள் பகுதி அபாரம். எல்லோரும் அதைத் தோற்ற வழக்கு என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விடுவார்கள். அரசியல் சட்டம் வந்து ஒரே மாதத்தில் தடுப்புக் காவல் சட்டம், 1947 டிசம்பரிலிருந்து உள்ளே இருந்த ஏ.கே. கோபாலனுக்குச் சிறைக்குள்ளேயே மார்ச் 1-ஆம் தேதி புது உத்தரவு, மே 19-ஆம் தேதி தீர்ப்பு, பசல் அலியின் மறுப்பு. இதுவரை எல்லோரும் வருவார்கள். அந்தச் சட்டத்தின் 14-வது பிரிவைக் கையில் எடுத்தவர் நீங்கள் ஒருவர்தான். எதற்காகப் பிடித்தார்கள் என்பதைக் கைதி கோர்ட்டில் சொல்வதே குற்றம் என்ற அந்தப் பிரிவை, மனுவைத் தள்ளுபடி செய்த நீதிபதிகளே செல்லாது என்று வெட்டி எறிந்தார்கள். கோபாலன் தோற்றார், அவருக்குப் பின்னால் சிறைக்குப் போனவர்களுக்கு வாய் திறந்தது. நீங்கள் இதை நாலே வாக்கியத்தில் எழுதியிருக்கிறீர்கள். சட்டம் என்றாலே எழுந்து போய்விடுகிற என் வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "இவனை ஒருநாள் சாப்பிடக் கூப்பிடுங்க" என்றாள். நான் சட்டப் பத்தி எழுதிய அத்தனை வருஷத்திலும் அவளிடமிருந்து இப்படி ஒரு வார்த்தை எனக்குக் கிடைத்ததில்லை.

பாருங்கள், கட்டுரையிலேயே ஆகச் சிறந்த இடம் கடைசிப் பக்கத்தை நீங்கள் படித்த இடம்தான். கோபாலனுக்குச் செய்ததை மேனகாவுக்கு ஏன் செய்யவில்லை? சம்பகம் துரைராஜனுக்கு ஏன் செய்யவில்லை? மருத்துவக் கல்லூரி இடத்துக்காகக் கோர்ட்டுக்குப் போன அவர், அங்கே விண்ணப்பமே போடவில்லை என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பதினான்கு இடங்களையும் சாதி, மத வாரியாகப் பிரித்துக் கொடுத்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை விழுந்ததும், சில மாதத்திலேயே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, இட ஒதுக்கீட்டுக்கு வழிவிடும் 15(4) பிரிவு சேர்ந்ததும் அந்த வழக்கின் கடைசிப் பக்கத்துக்கு அடுத்த பக்கம். அதை ஒரு தமிழ் வாசகனுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? வாதாடியவர்களையும் விடாதீர்கள். கோபாலனுக்காக நின்ற எம்.கே. நம்பியாரின் பெயர் உங்கள் கட்டுரையில் இல்லை. அவர் வாதம் தோற்று, 28 வருஷம் கழித்து மேனகா வழக்கில் ஜெயித்தது.

கட்டுரைகள் புத்தகமாக வரப்போவதாகக் கேள்வி. அச்சுக்குப் போகுமுன் அந்தப் பாஸ்போர்ட் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் தொகுப்பான எஸ்.சி.ஆர்., 1950-ஆம் வருஷத்து வால்யூம் என்னிடம் இருக்கிறது. பைண்டிங் விட்டுப்போய்விட்டது, பக்கங்கள் முழுசாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். சாப்பிட வருகிறீர்களா என்று முன்கூட்டியே ஒரு போன் செய்துவிடுங்கள், உள்ளே கேட்பார்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த வாசகன்